கொடிமலை ரயில்: நான் வீடியோ பார்த்திருந்தேன், அம்மா பார்க்கவில்லை

மலேசியாவில் பினாங்கு கொடிமலை (பினாங்கு ஹில்) ஏறும் ரயிலுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. அம்மாவைக் கேட்டால் ஐந்துக்கு ஆறு போடுவார். இரண்டு பேரும் ஒரே பெட்டியில், ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், அதற்கு நான் ரயிலைக் குறை சொல்ல முடியாது. என்னைத்தான் சொல்ல வேண்டும்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். காப்புறுதி அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கும் வேலை. எந்தத் தாளையும் இரண்டு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் பினாங்குக்கு அம்மாவை அழைத்துப் போக எக்செல்லில் 47 வரி போட்டேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்தக் கோயில் மதியம் எப்போது நடை சாத்தும், எந்தக் கடையில் என்ன சாப்பிட வேண்டும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது. மழைக்குத் தனி நிறம்.

இதில் எனக்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லை. 2010இல் நெதர்லாந்தில் 1,530 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தது கிளம்புவதற்கு முன்புதானாம். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லையாம். அதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போலிருந்தது. மூன்று வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து கொடிமலை ரயில் வீடியோக்களைப் பார்த்தேன். ஏழோ எட்டோ இருக்கும். ரயில் எந்த இடத்தில் குகைக்குள் நுழையும், எந்தப் பக்கம் நின்றால் ஊர் தெரியும், எல்லாம் மனப்பாடம்.

ஒரு நாள் அம்மாவிடம் போனை நீட்டி, "பாருங்கம்மா, இப்படித்தான் மலை ஏறும்" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "காட்டாதடா. நான் அங்கே போய்ப் பார்த்துக்கிறேன்."

அம்மா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் ஒரு தைப்பூசத்துக்குத் தோட்டத்து லோரியில் பினாங்குக்கு வந்திருக்கிறார். கொடிமலையைக் கீழே இருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஏறுவதற்குக் காசும் இல்லை, நேரமும் இல்லை. இப்போது வயது 68. முழங்கால் அடிக்கடி மக்கர் செய்யும். அந்த 47 வரியில் பாதி அந்த முழங்காலுக்காகப் போட்டதுதான்.

வெள்ளிக்கிழமை காலை கேஎல் சென்ட்ரலில் ஈடிஎஸ் என்ற விரைவு மின்சார ரயிலில் ஏறினோம். பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வார இறுதி, பள்ளி விடுமுறை என்றால் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் இதை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். இதில் ஆச்சரியத்துக்கெல்லாம் இடம் வைக்கக் கூடாது. ரயில் ஈப்போ தாண்டும்போது நான் பெருமையாக எக்செல்லைத் திறந்து மதியச் சாப்பாட்டுப் பட்டியலை வாசித்துக் காட்டினேன். நாசி கண்டார், மாமாக் மீ கோரேங், இறால் வடை போட்ட பசெம்பூர், சாயங்காலம் ஆயர் ஈத்தாம் லக்சா. அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு வெள்ளிக்கிழமைடா."

நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். ஆயிரக்கணக்கான பேர் எழுதிய விமர்சனங்களைப் படித்த எனக்கு, பக்கத்து அறையில் இருக்கும் அம்மா வெள்ளிக்கிழமை என்ன சாப்பிடுவார் என்று பார்க்கத் தோன்றவில்லை. சாப்பாட்டு வரிகள் அத்தனையும் ஈப்போவுக்கு வடக்கே காலி.

பட்டர்வொர்த் நிலையத்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் பெர்ரிக்கு நடைபாதை வழியாகவே போய்விடலாம். புதிய பெர்ரிகள் 2023 ஆகஸ்டில் ஓடத் தொடங்கின. காரை ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய இரண்டு தட்டுக் கப்பல்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இதில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. அம்மாவுக்கு இது போதவில்லை. "திரும்ப ஒரு வாட்டி போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். அட்டவணையில் இல்லை என்றேன். அதை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது.

சாப்பாட்டுக்கு வழியில்லாமல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் கட்டிய கோயில், லிட்டில் இந்தியாவுக்கு நடுவில் இருக்கிறது. என் பட்டியலில் அது 22ஆம் வரி, சனிக்கிழமை மாலை, 20 நிமிடம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அம்மா பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியோடு பேச்சுக் கொடுத்து, அவர் கையைக் காட்டிய திசையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வாழை இலை, சுரைக்காய்க் கூட்டு, மிளகு தூக்கலான ரசம், அப்பளம். நான் மேசைக்கடியில் போனை வைத்து அந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று தேடினேன். 3.6. என் பட்டியலில் 4.2க்குக் கீழே எதையும் சேர்த்திருக்கவில்லை. "இலையைப் போட்டாச்சு, இன்னும் என்ன போன்ல பார்க்கிற?" என்றார் அம்மா. மூன்று தரம் ரசம் வாங்கினேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அந்தப் பாட்டியைப் போல யாராவது ஒருவர் உங்களுக்கும் கை காட்டுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கிய விடுதி. பெயர் வேண்டாம். நூற்றுக்கணக்கான விமர்சனங்களைப் படித்துத்தான் பிடித்தேன். எல்லோரும் காலை உணவைப் புகழ்ந்திருந்தார்கள். அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஒரு முழத்தில் நிற்கும் என்று ஒருவர்கூட எழுதவில்லை. அம்மா சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெயில் அடிக்காது" என்றார்.

சரி, ரயிலுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து, ஊர் நடுவில் இருக்கும் கொம்தார் கோபுரத்தடியில் 204ஆம் எண் பஸ் பிடித்தோம். இதுதான் கொடிமலை அடிவாரம் வரை போகும், பெர்ரித் துறையிலிருந்தும் ஏறலாம். வெயில் ஏறியபின் போனால், அதுவும் வார இறுதியில், வரிசை நீளம். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு நான் அதற்குத் தயாராக இல்லை, ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்தேன். மலேசியர்களுக்கு விலை குறைவு, மைகாட் (அடையாள அட்டை) கையில் இருக்கட்டும். இந்த இடத்தில் என் எக்செல் தன் கடமையைச் செய்தது. வரிசையில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

மேடையே படிப்படியாகத்தான் இருக்கிறது. ரயில் பெட்டியும் அப்படியே, சாய்ந்த மலைக்கு ஏற்றபடி தட்டுத் தட்டாக. அம்மாவை மேல் பக்கக் கண்ணாடிக்கு அருகில் நிறுத்தினேன். ஊரைப் பார்க்க வேண்டுமானால் கீழ்ப் பக்கக் கண்ணாடி. பாதையைப் பார்க்க வேண்டுமானால் மேல் பக்கம். இதுவும் வீடியோ சொல்லிக் கொடுத்ததுதான்.

ரயில் கிளம்பியது. முதலில் மெதுவாக, அப்புறம் ஒரே இழுப்பு. காது அடைத்தது. இரண்டு பக்கமும் மரங்கள் சாய்ந்து நிற்பது போல் தோன்றும். சாய்ந்திருப்பது நாம்தான். எனக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். இந்த ரயிலில் இரண்டு பெட்டிகள், ஒரே வடத்தில் கட்டியவை. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும், ஒன்றின் எடை இன்னொன்றைத் தூக்க உதவும். பாதை நெடுகிலும் ஒற்றைத் தண்டவாளம்தான், நடுவில் ஓர் இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேரும். அங்கே இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று தாண்டும். "அம்மா, இப்போ எதிரில ஒண்ணு வரும், பயப்படாதீங்க" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "காட்டாதடா" என்றது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

மேலே மூட்டத்திலிருந்து அந்தப் பெட்டி வந்தது. எங்கள் தண்டவாளத்திலேயே, எங்களைப் பார்த்து, நேராக. அம்மா என் முழங்கைக்கு மேலே பிடித்தார் பாருங்கள், நகம் பதிந்தது. "டேய்! எதிர்ல வருதுடா! டேய்!" பெட்டியில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி நொடியில் இரண்டும் விலகி, எதிர்ப் பெட்டியில் நின்ற பணியாளர் ஒருவர் சாதாரணமாகக் கையசைத்துவிட்டுக் கீழே போனார். அம்மா ஒரு கணம் அசையவே இல்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எங்கள் பின்னால் நின்ற ஒரு மலாய்க் குடும்பமும் சேர்ந்து சிரித்தது. குகைக்குள் போனபோதும் சிரிப்பு நிற்கவில்லை.

நான் அந்த ஏற்றத்தில் மலையைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே பார்த்தாகிவிட்டதே. அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் கிடைக்காத ஒன்று அது மட்டும்தான். ஒரு மதிப்பெண் எங்கே போயிற்று என்று இப்போது புரிந்திருக்கும். எதிர் ரயில் என்னை நோக்கி வந்த அந்த ஒரு நொடியை மூன்று வாரத்துக்கு முன்பே, படுக்கையில் படுத்துக்கொண்டு, ஆறு அங்குலத் திரையில் செலவழித்துவிட்டேன்.

ரயில் மேலே சேர ஐந்து, பத்து நிமிடம்தான். 1923இல் ஓடத் தொடங்கியபோது இது இரண்டு துண்டு. நடுவில் இறங்கி இன்னொரு பெட்டிக்கு மாற வேண்டும், அரை மணி நேரம் பிடிக்கும். 2010இல் மூடிப் புதுப்பித்து 2011இல் திறந்தபோது ஒரே ஓட்டமாக ஆக்கிவிட்டார்கள். பழைய மரப் பெட்டியில் போனவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஏங்குவதைக் கேட்டிருக்கிறேன். ரயிலுக்கும் முன்னால் வெள்ளைக்காரத் துரைகளை டோலியில் வைத்துத் தோளில் சுமந்து ஏற்றினார்கள். இதை அம்மாவிடம் மேலே போனபின்தான் சொன்னேன். "சுமந்தவன் யாரு, நம்ம ஆளுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மேலே கதவு திறந்ததும் எல்லாம் வெள்ளை. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த காலை வெயில், கொம்தார் கோபுரம், கடல், பாலம், ஒன்றுமே இல்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பால் ஊற்றியது மாதிரி மூட்டம். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அம்மாவோ, "மேகத்துக்குள்ளயா வந்திருக்கோம்?" என்று கையை நீட்டிப் பார்த்தார். குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டார். ஊரைவிட மலையில் ஐந்து டிகிரி வரை குறைவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். 47 வரியில் குடை இருந்தது, ஸ்வெட்டர் இல்லை.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. எங்கிருந்து என்று தெரியவில்லை. அம்மா சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார், நான் பின்னாலேயே போனேன். பத்தடி தூரத்தில் திடீரென்று ஒரு கோபுரம் முளைத்தது. ஸ்ரீ அருளொளி திருமுருகன் ஆலயம். பினாங்கின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று என்கிறார்கள், பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. வரைபடத்தில் அந்தக் கோயில் எங்கே என்று எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை நிமிட நடை என்றுகூட எழுதி வைத்திருந்தேன். ஆனால் மூட்டத்துக்குள்ளிருந்து முருகன் வருவான் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மேலே முருகன் இருக்கான்னு நீ சொல்லவே இல்லையே" என்றார். நல்லவேளை, சொல்லவில்லை.

கோயில் மண்டபத்தில் தைப்பிங்கிலிருந்து வந்த ஓர் அம்மாவோடு ஒரு மணி நேரம் பேச்சு. இரண்டு பேருக்கும் தோட்டத்துக் கதை. காட்டுப் பாதையில் நடப்பது, மரங்களுக்கு மேலே தொங்கு பாலம் பார்ப்பது என்று மலை மேலே இருக்கும் ஹெபிட்டட் என்ற வனப் பூங்காவுக்காக இரண்டு வரி வைத்திருந்தேன், அவை அப்படியே போயின. கால் வலி இல்லாதவர்கள் அதைத் தவற விடாதீர்கள். நான் கோப்பி ஓ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட குரங்கு ஒன்று கிளையிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மலையில் ஒரு காலத்தில் பிரான்சிஸ் லைட் ஸ்ட்ராபெரி வளர்த்தார், அந்தக் குன்றுக்கு இன்றும் ஸ்ட்ராபெரி ஹில் என்றுதான் பெயர். குளிரைத் தேடி வந்த வெள்ளைக்காரர், சொந்த ஊர் ஞாபகத்தில் நட்டிருப்பார்.

ஒன்பதரை வாக்கில் மூட்டம் விலகியது. யாரோ போர்வையை உருவியது போல முதலில் கடல், அப்புறம் பாலம், அப்புறம் ஊர் முழுக்க. 1985இல் திறந்த முதல் பாலத்தை அம்மாவுக்குக் காட்டினேன், 13.5 கிலோமீட்டர் என்றேன். அம்மாவுக்குக் கிலோமீட்டர் தேவைப்படவில்லை. "நாம வந்த கப்பல் எது?" என்று தேடினார். நகம் அளவு ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்து, அது அக்கரை சேரும்வரை கண்ணை எடுக்கவில்லை. இறங்கும்போது ஒரு யோசனை: மாலையில் சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கக் கிளம்புவார்கள். வயதானவர்களோடு போனால் மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுங்கள்.

அன்று மாலை லெபோ கெங் குவீயில் செண்டோல் குடித்தது, ஆர்மேனியன் தெருவில் 2012இல் வரைந்த அந்தச் சைக்கிள் பிள்ளைகள் ஓவியத்துக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்தது எல்லாம் பட்டியல்படியே நடந்தன. ஓவியம் போனில் பார்த்தது போலவே இருந்தது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திரும்பும் முன் தண்ணீர்மலை. நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் மட்டும்தான் என் பட்டியலில் இருந்தது, மதியம் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும் என்று சிவப்பு எழுத்தில். மேலே மலைக்கோயில், 2012இல் புதிதாகக் கட்டித் திறந்தது, அதை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். அம்மா படிகளைப் பார்த்துவிட்டார்.

"பத்துமலை மாதிரி இருக்குமா?"

பத்துமலையில் 272 படி. அம்மா வருடம் தவறாமல் ஏறுகிறவர். "கொஞ்சம் கூட இருக்கும்மா" என்றேன். எண்ணிக்கை வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். இது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. முழங்கால் அவருடையது, தெரிந்துகொள்ளும் உரிமையும் அவருடையது. ஏறும் வழியெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், கொஞ்சம் வாடினாலும் திருப்பி அழைத்துப் போவது என்ற முடிவோடு. ஐந்து இடத்தில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு இடத்திலும் திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊர் தெரியுது பாரு" என்று எழுந்தார். மேலே போய்க் கும்பிட்டுவிட்டு, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கியபின் கேட்டார்.

"எத்தனை படிடா?"

"513."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா கீழேயே சூடம் ஏத்திட்டு வந்திருப்பேன்."

திரும்பும் ரயிலில் கணக்குப் பார்த்தேன். 47 வரியில் 19 நடக்கவே இல்லை. நடந்தவற்றில் உருப்படியாக உதவியவை டிக்கெட், பஸ், கோயில் நேரம், எங்கே உட்கார இடம் இருக்கிறது, எங்கே கழிவறை இருக்கிறது என்பவை. படம் பார்த்துத் தயார் செய்த எதையும் நேரில் நான் முழுசாகப் பார்க்கவில்லை. அடுத்த பயணத்துக்கு இப்போதே ஒரு தாள் திறந்திருக்கிறேன். நேரம், தூரம், கால் வலி, வெள்ளிக்கிழமை. அதில் படம் கிடையாது, வீடியோ கிடையாது. அம்மாவுக்கு எந்த ஊர் என்றுகூட இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, அவர்களும் கொடிமலை போகப் போவதாகவும் ரயில் எப்படி இருக்கும் என்றும் அம்மாவிடம் கேட்டார். அம்மா உற்சாகமாகக் கையைத் தூக்கி, "பாதி மலை ஏறுறப்போ பாரு, மேல இருந்து..." என்று ஆரம்பித்தார். அப்படியே நிறுத்தினார். கையைக் கீழே போட்டார்.

"ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார்.